நைனா இல்லாத பதினோரு பேர்

ஆட்டத்தை விட்டுப் பதினைந்து வருடம் ஆன ஒரு மனிதரை அணியிலிருந்து நீக்கிக் காட்டியவன் நான். அந்த மனிதர் என் அப்பா. இதற்கு மேலும் என்னைப் பற்றி நல்லதாக எதையாவது எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை.

யோசனை வந்ததும் வண்டியில்தான். கும்மிடிப்பூண்டியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு லோக்கல் ட்ரெயினில் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்ஸ் ஒன்றுக்கு வழிவிட எங்களை நடு வயலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். (எங்கள் பாதையில் நிலக்கரிக்கு இருக்கும் மரியாதை மனுசனுக்குக் கிடையாது.) செல்போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு கிளப்பைப் பற்றிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த கிளப்பிலேயே பிறந்து வளர்ந்த ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரு அணி தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து விலைக்கு வாங்கினவன் ஒருத்தனும் கிடையாது. கூட்ஸின் நாற்பதாவது பெட்டி தாண்டும்போது எனக்குப் பொறி தட்டியது. இதை ஏன் நம்ம ஓடைமேட்டுக்குச் செய்யக்கூடாது?

ஓடைமேடு எங்கள் காலனி. ரயில் பாதைக்கும் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். இப்போது அடுத்தவர் ஆலையில் இரும்பு உருக்குகிறார்கள். நடுவில் கிடைத்த நேரத்தில் ஒரு கால்பந்துக் கழகம் ஆரம்பித்தார்கள். (கழகம் என்றால் எங்கள் பக்கம் வேறு மாதிரிக் கேள்வி வரும். அதனால் கிளப் என்றே சொல்கிறேன்.) அந்த கிளப்பின் நாற்பதாவது ஆண்டு விழா வரப்போகிறது. விழா என்றால் பேனர் வேண்டும். பேனரில் யார் முகத்தைப் போடுவது என்று மூன்று மாதமாக முடிவாகவில்லை. நான் கிளப்பின் இணைச் செயலாளர் வேறு. கேட்க நன்றாக இருக்கும். வாட்ஸப் குரூப்பில் தமிழில் டைப் அடிக்கத் தெரிந்தவனுக்காக உண்டாக்கிய பதவி அது.

ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் மோசஸ் அண்ணனிடம் ஓடினேன். அவர்தான் செயலாளர். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒரு லாரி டயருக்குள் தோள் வரை விட்டிருந்த கையை வெளியே எடுத்து, துணியில் துடைத்துக்கொண்டார்.

"சோக்கா கீது. மொதல் பேரு எய்து. குமாரு."

எனக்கு அங்கேயே பாதி உற்சாகம் இறங்கிவிட்டது.

குமார் யார் என்று சொல்லிவிடுகிறேன். வள்ளூரில் அனல்மின் நிலையத்துப் பக்கத்து டீமின் ஸ்டிரைக்கர். நாங்கள் அவர்களைச் 'சாம்பல்' என்போம். அவர்கள் எங்களைத் 'துரு' என்பார்கள். (இரண்டுமே காற்றில் வந்து துணியில் படிகிற உண்மைகள்தான் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.) எங்கள் கிளப் அதன் வரலாற்றில் ஒரே ஒரு முறை கோப்பை வாங்கியிருக்கிறது. அந்த ஒரு டோர்னமெண்டில் குமார் எங்களுக்கு 'கெஸ்ட்' ஆடினார். அதாவது பஸ் டிக்கெட்டும் ஆட்டம் முடிந்ததும் பிரியாணியும் என்று பேசிக் கூட்டி வந்திருந்தோம். ஃபைனலில் இரண்டு கோல் போட்டு, இரண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். மற்ற வருடங்களில் எல்லாம் அவர் தன் சொந்த டீமுக்காக எங்களுக்கு எதிராகக் கோல் போட்டார்.

அதில் ஒரு கோல், எங்கள் ரைட் பேக்கின் இரண்டு காலுக்கும் நடுவில் பந்தைத் தட்டிவிட்டுப் போட்டது. அந்த ரைட் பேக்தான் என் நைனா.

நைனாவின் பெயர் தாஸ். பதினான்கு வருடம் ஓடைமேட்டுக்கு ரைட் பேக். ரோலிங் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் நேரே மைதானத்துக்கு வந்து ஆடியவர். அத்தனை வருடத்தில் கிளப் ஒரே ஒரு குரூப் போட்டோ எடுத்தது, கோப்பை வாங்கிய அன்று. வரிசையின் ஓரத்தில் நின்ற நைனாவைப் போட்டோகிராபர் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார். ஒரு முழங்கை மட்டும் தெரியும். நடுவில், கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முழுசாக, குமார்.

ஆகவே பேனரில் நைனாவின் முகம் வர வேண்டும். குமாரின் முகம் வரக்கூடாது. எனக்கு இருந்தது இந்த இரண்டே கொள்கைகள். ஆனால் இதை இப்படியே குரூப்பில் போட முடியுமா? நான் படித்தவன். கம்பி ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் கூடத்தில் ஒரு கம்பி உள்ளே வந்தால், அது எந்த உலையில், எந்த வார்ப்பில் பிறந்தது என்று காகிதம் கூடவே வரவேண்டும். காகிதம் இல்லாவிட்டால் தங்கமாக இருந்தாலும் ஓரமாக வைத்துவிடுவோம். அந்த மூளையோடு அன்றைக்கு உட்கார்ந்து விதிமுறை எழுதினேன்.

ஓடைமேட்டு மண்ணில் பிறந்திருக்க வேண்டும். கிளப்புக்காக ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். (எத்தனை ஆட்டம் என்று கேட்டால் ஆளாளுக்கு நூறு சொல்வார்கள், கணக்கு கிடையாது. அதனால் ஒன்று.) பிறப்புச் சான்றிதழ் காட்டாத பெயர் பரிசீலிக்கப்படாது. கடைசியாக, தடித்த எழுத்தில் இப்படி முடித்தேன்: "இந்த விதி யாருக்காகவும் மாற்றப்படாது. என் அப்பாவாக இருந்தாலும் சரி."

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் இருபத்தெட்டு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். எனக்கு அப்படியொரு பெருமை. நைனா ஓடைமேட்டுக்காரர், சந்தேகமே இல்லை. குமார் வள்ளூர்க்காரர், அதிலும் சந்தேகமில்லை. முடிவு தெரிந்த பரீட்சைக்கு வினாத்தாள் தயாரித்தவனின் நிம்மதியில் தூங்கப் போனேன்.

மறுநாளிலிருந்து நைனாவின் நடவடிக்கையில் மாற்றம் தெரிந்தது. முடிக்குச் சாயம் பூசினார். கவரைப்பேட்டைக்குப் போய் ஸ்டுடியோவில் மார்பளவு போட்டோ எடுத்து வந்து, அதை என் கண்ணில் படுகிற மாதிரி டிவிக்கு மேல் வைத்தார். கேட்டால் பி.எஃப். ஆபீசுக்கு வேண்டுமாம். (பி.எஃப். ஆபீசுக்கு ஜெர்சி போட்டுக்கொண்டு யார் போட்டோ எடுப்பார்கள்?) அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் ஷூ மாட்டும்போது, பக்கத்தில் வந்து நின்று, சும்மா சொல்கிற மாதிரி சொன்னாள், "அந்தாளு இருவது வருசமா எதையும் ஆசப்பட்டு நான் பாக்கல. பாத்து செய்டா."

பார்த்துத்தான் செய்துகொண்டிருந்தேன். சான்றிதழ்கள் போனில் வர ஆரம்பித்தன. முதலில் வந்த ஐந்து பேரும் பிறந்த இடம் பொன்னேரி அரசு மருத்துவமனை. என் விதிப்படி ஓடைமேட்டில் பிறந்தவன் எவனும் ஓடைமேட்டில் பிறக்கவில்லை. மோசஸ் அண்ணன் போன் போட்டு, அப்படியென்றால் பேனரைப் பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிடலாமா என்று பணிவாகக் கேட்டார். நான் அசரவில்லை. சான்றிதழில் இன்னொரு கட்டம் இருக்கிறது: குழந்தை பிறந்த நேரத்தில் பெற்றோரின் முகவரி. ஆஸ்பத்திரிப் பிறப்புக்கு அந்தக் கட்டத்தைப் பார்ப்போம் என்று திருத்தம் கொண்டுவந்தேன். எவ்வளவு கூர்மையான திருத்தம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பிறகுதான் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள்.

எங்கள் கோல்கீப்பர் இருதயராஜ் அண்ணன். அவர் நின்றால் கோல் கம்பத்துக்கு நடுவில் கதவு போட்ட மாதிரி என்பார்கள். சான்றிதழில் திருத்தணி. விழுந்தார். சென்டர் ஃபார்வேர்டு, ஊத்துக்கோட்டை. விழுந்தார். இரண்டு ஸ்டாப்பர்களில் ஒருவர் மீஞ்சூர், ஒருவர் ஆவடி. கிளப்பை உருவாக்கிய தலைமுறையே வரிசையாக வெளியூர் வீடுகளில் பிறந்து தொலைத்திருந்தது. ஆனால் இருதயராஜ் அண்ணனின் தம்பி சகாயம் அண்ணன் தேறிவிட்டார். அண்ணனுக்கு அம்மை போட்டிருந்த ஒரு நாள் கோலில் நின்று ஏழு கோல் வாங்கியவர் அவர். ஓடைமேட்டின் எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த கோல்கீப்பர் ஆகிவிட்டார். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்றபோது, எதற்கு, ரத்த தானத்துக்கா என்றார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு மோசஸ் அண்ணனிடம் போனேன். மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

"இன்னாடா இது, எல்லாம் தம்பிங்களாவே கீறானுங்க?"

நான் முழித்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினார். நம்ம ஜனங்களில் பெண்ணுக்கு ஏழாம் மாசம் வளையல் போட்டு எங்கே கூட்டிப் போவார்கள்? அவள் அம்மா வீட்டுக்கு. தலைப் பிரசவம் எங்கே நடக்கும்? அங்கே. ஆக ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவன் வெளியூரில் பிறப்பான். இரண்டாவது, மூன்றாவதுக்கு யார் அலைவது என்று இங்கேயே பெற்றுக்கொள்வார்கள். மைதானத்தில் என்ன நடக்கும்? மூத்தவன் ஆடுவான், சின்னவன் வெளியே போன பந்தை எடுத்துப் போடுவான்.

"நீ ஆடுனவனையெல்லாம் தூக்கிட்டு, பந்து பொறுக்குனவனையெல்லாம் டீமா போட்டுக்கினு கீற," என்றார். "லேப்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

இந்த இடத்தில் மூளை உள்ளவன் விதியை மாற்றியிருப்பான். எனக்கும் தோன்றியது. ஆனால் இருபத்தெட்டு கைதட்டல் படங்கள் கண் முன்னால் வந்தன. கம்பியை வளைத்துப் பார்ப்பதுதான் என் வேலை, விதியை அல்ல என்று ஒரு பதில் சொன்னேன். (அன்றைக்கு அது எனக்கு வசனமாகக் கேட்டது. இப்போது நினைத்தால் காது சுடுகிறது.)

அப்புறம்தான் உறைத்தது. நைனாவும் வீட்டுக்கு மூத்தவர்.

வீட்டுக்கு ஓடினேன். நைனா இல்லை. காலையிலேயே லீவு போட்டுவிட்டு எங்கோ போயிருப்பதாக அம்மா சொன்னாள். காய்ச்சல் வந்தாலே லீவு போடாத மனிதர். குரூப்பில் நான் போட்ட நீளமான செய்தியை அவர் படிக்கவே இல்லை. சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. தன் சர்டிபிகேட் எந்த ஊரில் கிடைக்குமோ அந்த ஊருக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் கமிட்டி கூடியிருந்தபோது நேராக அங்கே வந்தார். பஸ்ஸில் கசங்கிய சட்டை. கையில் பிளாஸ்டிக் கவர். இரண்டு நாள் அலைந்திருக்கிறார். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் இரண்டு மணி நேரம் நின்றதாம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், அவர் அம்மா பிறந்த ஊரின் ஊராட்சி ஆபீசில், ஐம்பத்திரண்டு வயசில் எதற்குத் திடீரென்று பிறப்புச் சான்றிதழ் என்று தெலுங்கில் கேட்டார்களாம். இவர் "ஃபுட்பால்" என்றாராம். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, பழைய ரிஜிஸ்டரை மேலே பரணிலிருந்து இறக்கித் தேடி எடுத்தார்களாம். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியபடி கவரைப் பிரித்தார். பழைய ஆட்டக்காரர்களில் போனில் படமாக அனுப்பாமல் அசலையே கொண்டுவந்து நீட்டியவர் அவர் ஒருத்தர்தான்.

காகிதம் முழுக்கத் தெலுங்கு. கமிட்டியில் அதைப் படிக்கத் தெரிந்தவர் மோசஸ் அண்ணன் மட்டும். லாரி டிரைவர்களிடம் பழகியே கற்றுக்கொண்டவர். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். பிறந்த ஊர் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மோசஸ் அண்ணன்தான் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். இந்த ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமே என்று மோசஸ் அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா கையை அமர்த்தினார்.

"வாணாம் மோசஸு. எனக்காக இன்னிக்கு மாத்துனா, நாளிக்கு அந்தக் குமாரையும் சேத்துக்கோன்னு எவனாவது வந்து நிப்பான். ரூலு நல்ல ரூலு. எம்புள்ள எய்துனது."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, கவரில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு அற்ப ஆறுதலும் வந்தது. போகட்டும், குமாராவது இல்லை.

மறுநாள் சாயங்காலம் மோசஸ் அண்ணன் போன் செய்தார். குரலில் குதூகலம். குமாரின் அம்மா எலிசா அத்தை, எங்கள் ஓடைமேட்டுப் பெண். வள்ளூரில் கட்டிக் கொடுத்தது. தலைப் பிரசவத்துக்கு எங்கே வந்திருப்பாள்?

குமார் பிறந்தது ஓடைமேட்டில், இரண்டாவது தெருவில், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. எலிசா அத்தையே சான்றிதழை எடுத்து அனுப்பியிருந்தாள். கிளப்புக்காக ஒரு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்கிறீர்களா? கோப்பையே வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சான்றிதழ் என் போனுக்கு வராமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் நாலைந்து நிமிடம். அதற்குள் மோசஸ் அண்ணன் குரூப்பில் போட்டுவிட்டார். கைதட்டல் நாற்பதைத் தாண்டியது.

இதை நான் நைனாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் பேனரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த கோழைத்தனங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

பேனர் டிசைனை கும்மிடிப்பூண்டி ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் போனுக்கு அனுப்பியபோது நான் ஷிப்டில் இருந்தேன். கட்டைவிரல் அளவு படம். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஓகே சொன்னேன். விழா அன்று காலை, சாலையோரம் பன்னிரண்டு அடிக்கு அதை நிமிர்த்தியபோதுதான் முழுசாகப் பார்த்தேன். பத்து பேர் அனுப்பியிருந்தது தூங்கி எழுந்த முகத்து செல்ஃபி. குமார் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டு ஸ்டுடியோவில் எடுத்ததை அனுப்பியிருந்தார். கடைக்காரர் யார் தலைவர் என்று தாமே முடிவு செய்து, குமாரை நடுவில் மூன்று மடங்கு பெரிதாக்கி, பின்னால் ஒரு சிங்கத்தை நிறுத்தி, சுற்றி மேகம் விட்டிருந்தார். மேலே என் கைவண்ணத்தில்: ஓடைமேட்டு மண்ணின் மைந்தர்கள்.

நைனா புதுச் சட்டையில் வந்தார். தன் முகம் இருக்காது என்று தெரிந்தும், விழாவுக்கு என்று வந்தார். பேனர் முன்னால் நின்றார். இடது பக்கத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். மைக் செட்காரன்கூடப் பாட்டைக் குறைத்தான்.

"சிங்கம் நல்லா வந்துக்கீது," என்றார் நைனா.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திட்டுவதற்கு அம்மா இருந்தாள். விழாச் சாப்பாட்டுக்குத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே கத்தியோடு எழுந்து வந்தாள். (பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி நின்றார்கள்.) நாற்பது வருடக் கூட்டமும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"டேய், நீ எனக்கு எத்தினியாவது புள்ள?"

"மொத புள்ள..."

"உன்ன எங்க பெத்தேன்? வள்ளூர்ல எங்க அம்மா ஊட்ல பெத்தேன். உன் ரூலுப்படி நீ சாம்பல்டா. ஓடமேட்டு டீமுக்கு ஆள் பொறுக்க உனக்கு இன்னா வேல? போ, இன்னிக்கு நாஷ்டாவ வள்ளூர்ல போயி துன்னு."

ஆயிரம் கம்பிகளின் பிறப்பைச் சோதித்தவன் சொந்தச் சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பார்க்கவில்லை. சிரிப்பு முதலில் மோசஸ் அண்ணனிடமிருந்துதான் கிளம்பியது. பிறகு அது மைதானத்தைச் சுற்றி வந்தது. சகாயம் அண்ணன் கோல்கீப்பர் கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் வள்ளூர் டீமின் வேன் வந்து நின்றது. விழாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். இறங்கியவர்கள் பேனரைப் பார்த்தார்கள். எதிரி ஊரின் எல்லையில், சிங்கத்தோடு, அவர்களுடைய பழைய கேப்டன். எங்கிருந்தோ ஒரு மாலை வாங்கி வந்து பேனருக்குப் போட்டார்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு அப்படிப் போடாதே என்று கத்திக்கொண்டே குமார் கடைசியாக இறங்கினார். நாற்பத்தைந்து வயது, கொஞ்சம் தொப்பை. பேனரில் இருந்தவருக்கும் இவருக்கும் ஒரே ஒற்றுமை கூலிங் கிளாஸ்தான்.

அவர் யாரையும் பார்க்காமல் நேராக நைனாவிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தாஸ்ணா, நீ இல்லாத டீமு இன்னா டீமு? உன்னத் தாண்டிப் போனது நான் ஒரே ஒரு வாட்டி. அத்தச் சொல்லிச் சொல்லித்தான் இன்னிக்கு வரைக்கும் ஊர்ல பேரோட கீறேன்."

நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு வாட்டி," என்றார். "ரெண்டாவது ஆஃப்சைடு."

"எது ஆஃப்சைடு?"

"நீ போட்டது."

"ணா, லைன்ல நின்னேன்ணா நானு."

"லைனுக்கு அந்தாண்ட நின்ன. எனக்குத் தெரியாது?"

அதற்குப் பிறகு விழா என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. இரண்டு பேரும் மைதானத்துக்கு நடுவில் போய்ச் செருப்பால் கோடு கிழித்தார்கள். யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு ஆட்களைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் பந்தாக நிறுத்தப்பட்டேன். சிறப்பு விருந்தினர் மேடையில் சால்வையோடு காத்திருந்தார். மண்ணின் மைந்தர்களில் பாதிப் பேர் ஆஃப்சைடு வழக்கில் சாட்சி சொல்லப் போய்விட்டார்கள். மோசஸ் அண்ணன் மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மைக்கை வைத்துவிட்டு அவரும் சாட்சி சொல்ல வந்தார். தீர்ப்பு வரவில்லை. பேசித் தீராது, ஆடித்தான் தீரும் என்று முடிவாயிற்று.

பேனர் இப்போது சகாயம் அண்ணன் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. வீட்டில் நான் இரண்டாவது தோசை கேட்டால், சர்டிபிகேட் கீதா என்கிறாள் அம்மா. மீன் வாங்கி வந்தால், எந்த ஊரில் பிறந்த மீன் என்று நைனா விசாரிக்கிறார். உறவுக்காரப் பெண் யாராவது ஏழாம் மாசத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், இணைச் செயலாளரிடம் சொல்லிவிட்டாயா என்று பஸ் ஸ்டாண்டிலேயே கேட்கிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அது பேரப்பிள்ளை எடுத்தாலும் இது ஓயாது.

ஆடித் தீர்ப்பது காணும் பொங்கலன்று. ஓடைமேட்டில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், ஓடைமேட்டில் வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். பிறந்தவர்களுக்கு கேப்டன் குமார். வளர்ந்தவர்களுக்கு நைனா. முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஷிப்டுக்கு முன்னால் ரயில் பாதையோரமாக ஓடுகிறார். அம்மா முட்டை வேகவைத்துக் கொடுக்கிறாள். இருதயராஜ் அண்ணன் கோலுக்கு வந்துவிட்டார். அணியில் பத்துப் பேர் முடிவாகி, ஒரு இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

என் ஆட்டத்தைப் பற்றி இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் நான் வளர்ந்தது ஓடைமேட்டில்தானே? அதில் யாரும் குறை சொல்ல முடியாதே? போன வாரம் நைனா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பதினோராவது இடத்துக்கு இன்னா ரூல் என்று கேட்டேன்.

நைனா முட்டையை உரித்து முடித்தார்.

"ஆடத் தெரியணும்," என்றார்.

பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காலையில் ஐந்தரை மணிக்கு, மைதானத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பந்தோடு போகிறேன். வலது கால் பரவாயில்லை. முதலில், உருண்டு வருகிற பந்தை இடது காலால் நிறுத்த வேண்டும்.